ரங்கூன் மல்லிப் பந்தலை நிமிர்த்திய கதை

ஆடிக் காற்றில் எங்கள் ரங்கூன் மல்லிப் பந்தல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. தோண்டிப் பார்த்தால், மண்ணுக்குள் இருந்த சவுக்குக் கம்பின் அடி கரையான் அரித்து, விரலால் நசுக்கினாலே உதிர்ந்தது. மேல்பாகம் வைரம் மாதிரி இருந்தது. அதைத் தூக்கிப்போட மனசு வருமா?

கெட்ட அடியை மட்டும் அறுத்தேன். 1½ அடிக் குழியில் இரும்புக் குழாய்த் துண்டை நட்டு, ஜல்லியும் சிமெண்டும் போட்டு இறுகவிட்டேன். அப்புறம் கம்பைத் தரையில் படாமல் நான்கு விரல் உயர்த்தி, குழாயோடு சேர்த்து போல்ட் போட்டு முடுக்கினேன். இனிக் கரையான் ஏறினாலும் குழாய்மேல் மண்கோடு தெரியும், தட்டிவிடலாம்.

குறுக்கே ஜிஐ கம்பி, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி. கொடியை மட்டும் பழைய வேட்டிக் கிழிசலால் தளர்வாகக் கட்டினேன். கம்பியால் கட்டினால் தண்டு பருக்கும்போது அறுத்துவிடும். இந்தக் கொடி முற்றினால் பயங்கர கனம். பூத்து ஓய்ந்ததும் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்துவிடுங்கள், பாவம் பார்க்காதீர்கள்.