பிட்டி தியாகராயரின் வாழ்க்கையைக் கட்டுரையாக எழுதுவது எப்படி?

சர் பிட்டி தியாகராயச் செட்டியாரைப் பற்றி ஆண்டுமலருக்கோ இதழுக்கோ எழுத முற்படுவோர் பெரும்பாலும் 1916இல் தொடங்கி, நீதிக்கட்சியின் நிறுவனர், தியாகராய நகருக்குப் பெயர் தந்தவர் என்ற அளவில் முடித்துவிடுகின்றனர். கட்சி தொடங்கிய ஆண்டில் அவருக்கு வயது 64. அதற்கு முந்தைய வாழ்க்கை முழுவதும் விடுபட்டுப்போகாதிருக்க, கட்டுரையைத் தறியிலிருந்து தொடங்குங்கள்.

1852இல் நெசவுத்தொழில் சார்ந்த தேவாங்கர் குலத்தில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற அவர், வண்ணாரப்பேட்டையில் ஏறத்தாழ நூறு தறிகள் கொண்ட நெசவுக்கூடம் நடத்தினார். ஊடைநூலைக் கொண்டுசெல்லும் நாடாவை ஒரு கையால் எறிந்து மறுகையால் பிடித்துவந்த நெசவாளர், கயிற்றை வெட்டியிழுத்தால் நாடா தானே ஓடும் முறைக்கு மாறியபோது ஒரு கை விடுபட்டது, வேகம் கூடியது, அகலத் துணியையும் ஒருவரே நெய்ய முடிந்தது. இம்முறையைக் கைத்தறியில் புகுத்த முனைந்த முன்னோடிகளுள் தியாகராயரும் ஒருவர். 'வெள்ளுடை வேந்தர்' என்ற பட்டப்பெயரை விளக்கப் பக்கம் செலவிடுவதைவிட இதை இரண்டு பத்தி விரித்தெழுதுவது மேல்.

அடுத்து நகராட்சி வாழ்க்கை. 1882 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்னை மாநகராட்சியில் உறுப்பினராக இருந்த அவரது நிருவாகப் பழக்கம் அங்கேதான் உருவானது. 1920இல் ஆயிரம்விளக்குப் பள்ளியில் மாநகராட்சி மதிய உணவு தொடங்கியபோது மாநகராட்சித் தலைவர் அவரே. எனினும் இதனை மாநகராட்சியின் திட்டமாகவே எழுதுங்கள். தனிமனிதக் கொடையாக மாற்றிவிடாதீர்கள்.

அரசியலுக்கு வரும்போது 1916 டிசம்பரில் அவர் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கையையே நேரில் படியுங்கள். மாகாண மக்கள் 4 கோடியே 15 லட்சம் பேரில் 4 கோடிக்குக் குறையாதோர் பிராமணரல்லாதார் என்று கணக்கோடு பேசும் அந்நடையில் ஒரு வணிகரின் கை தெரியும். மாநகராட்சியில் அவரோடு மோதியவரான டி.எம். நாயர் அதே ஆண்டில் அவரோடு கைகோத்ததையும், இருவரையும் இணைக்க, கட்சியின் மற்றொரு நிறுவனரான நடேச முதலியார் முயன்றதையும் விடக்கூடாது. 1920 சென்னை மாகாணச் சட்டமன்றத் தேர்தலுக்குப்பின் தியாகராயர் பதவியேற்க மறுத்ததால் சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சரானார். சில மேடைப் பேச்சுகளில் இது குழம்பிவிடுகிறது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளைப் பார்த்தால் ஐயம் தீரும்.

1921இல் சென்னையின் பின்னி துணி ஆலையில் நடந்த வேலைநிறுத்தத்தைத் தவிர்த்துவிட்டுப் புகழுரை எழுதுவது எளிது. ஆனால் கட்டுரை அங்கே பொய்யாகும். வேலைநிறுத்தத்தில் சேராத ஆதிதிராவிடத் தொழிலாளர்க்கு அரசு சலுகை காட்டுவதாக நீதிக்கட்சித் தலைவர்கள் குறைகூறியதையும், ஆதிதிராவிடர் தலைவரான எம்.சி. ராஜா 1923இல் கட்சியை விட்டு விலகியதையும், தியாகராயர் மறைந்த 1925க்கு முன்பாக உரிய இடத்தில் சேர்த்தெழுதுங்கள்.