சாரங் ஹெலிகாப்டர் சாகசத்தைப் பார்ப்பது எப்படி

விமான சாகச நிகழ்ச்சி என்றாலே எல்லோரும் விமானப்படையின் ஜெட் சாகச அணியான சூர்யகிரணுக்காகத்தான் காத்திருக்கிறார்கள், சிவப்பு ஹெலிகாப்டர்கள் வரும் நேரத்தில் பாதிப் பேர் பையில் தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அது வயிற்றெரிச்சல். அந்தச் சிவப்பு ஹெலிகாப்டர்கள்தான் இந்திய விமானப்படையின் சாகச அணியான சாரங். சாரங்கை ரசிக்க அதன் பிறந்த கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் இந்த அணியின் வேரே ஒரு புது ஹெலிகாப்டரைச் சோதித்துப் பார்த்த பிரிவில்தான் இருக்கிறது. வானத்தில் அவர்கள் செய்கிற ஒவ்வொன்றிலும் அந்தச் சோதனைப் புத்தி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எப்படிப் படம் எடுக்க வேண்டும் எல்லாமே அதிலிருந்துதான் தொடங்கும்.

கதை இதுதான். ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம், எச்.ஏ.எல். என்றால் எல்லோருக்கும் தெரியும், ஜெர்மனியின் எம்.பி.பி. நிறுவனத்தின் ஒத்துழைப்போடு வடிவமைத்த துருவ் ஹெலிகாப்டர் 1992 ஆகஸ்டில் முதன்முதலாகப் பறந்தது, படைகளின் கைக்கு வந்து சேர 2002 ஆகிவிட்டது. அதை எடைபோட்டுப் பார்க்க விமானப்படை பெங்களூருவில் ஒரு மதிப்பீட்டுப் பிரிவை வைத்திருந்தது. அந்தப் பிரிவிலிருந்து 2003 அக்டோபரில் உருவானதுதான் சாரங். நான்கே மாதத்தில், 2004 பிப்ரவரியில், சிங்கப்பூர் ஏசியன் ஏரோஸ்பேஸ் கண்காட்சியில் முதல் பொது நிகழ்ச்சி. உள்ளூரில் ஒத்திகை பார்த்து மெல்லக் கிளம்புவோம் என்றெல்லாம் இல்லை, நேரே வெளிநாட்டு மேடை! 'எங்கள் ஹெலிகாப்டர் என்னவெல்லாம் செய்யும் பாருங்கள்' என்று வாங்க வருகிறவர்களிடம் காட்டுவதும் நோக்கம் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. சாரங் என்றால் சமஸ்கிருதத்தில் மயில். ஹெலிகாப்டரின் பக்கவாட்டில் வரைந்திருப்பதும் மயில்தான். நம் ஊர் சாரங்கபாணியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அவர் கையில் இருப்பது வில், அந்தச் சொல் வேறு.

சரி, போவதற்கு முன் செய்ய வேண்டியது. பறப்பது துருவ் மட்டுமே என்பதால், துருவுக்குக் காய்ச்சல் வந்தால் சாரங்கும் படுத்துவிடும். 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள், அதன் பிறகு நாடு முழுக்க துருவ்களைத் தரையிறக்கி வைத்தார்கள், அடுத்த மாதம் பெங்களூரு எலஹங்காவில் நடந்த ஏரோ இந்தியா விமானக் கண்காட்சியில் சாரங் பறக்கவே இல்லை. ஆகவே டிக்கெட், ரயில், அறை என்று செலவு செய்யும் முன், சாரங்கின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்பதோடு துருவ்கள் அப்போது பறக்கின்றனவா என்றும் செய்தியில் பார்த்துவிடுங்கள்.

எங்கே பார்க்கலாம் என்றால், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எலஹங்கா விமானப்படைத் தளத்தில் ஏரோ இந்தியா, அப்புறம் அக்டோபர் 8 விமானப்படை நாளை ஒட்டிய நிகழ்ச்சிகள். இந்த இரண்டாவது, முன்பெல்லாம் டெல்லி பக்கத்து ஹிண்டனை விட்டு நகராது. 2022-இல் சண்டிகர், 2023-இல் பிரயாக்ராஜ், 2024-இல் சென்னை என்று ஊர் ஊராக வரத் தொடங்கியது. சென்னைக்காரர்களுக்கு 2024 அக்டோபர் 6 மெரினாவை நினைவூட்ட வேண்டியதில்லை. பகல் 11 மணிக்குத் தொடங்கி உச்சி வெயிலில் முடிந்த நிகழ்ச்சி, லட்சக்கணக்கில் கூட்டம், ஐந்து பேர் உயிரிழந்தார்கள். அதனால் இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, உப்பு சர்க்கரை கரைசல் பொட்டலம், முடிந்ததும் உடனே கிளம்பாமல் ஒரு மணி நேரம் நிழலில் உட்காரும் பொறுமை. வயதானவர்களையும் கைக்குழந்தையையும் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள், தொலைக்காட்சியில் அவர்களுக்கு உங்களைவிட நன்றாகவே தெரியும்.

நிற்கும் இடம் ஜெட்டுக்கு வேறு, ஹெலிகாப்டருக்கு வேறு. ஜெட் அணி வானம் முழுக்கப் பரவும், எங்கிருந்தும் கொஞ்சம் தெரியும். ஹெலிகாப்டர்கள் மெதுவாகப் பறப்பதால் எல்லாமே முக்கிய விருந்தினர் மேடைக்கு எதிரே ஒரு சின்ன வட்டத்துக்குள் நடந்து முடிந்துவிடும். மேடையின் நடுக்கோட்டுக்கு எவ்வளவு பக்கம் போக முடியுமோ அவ்வளவு போங்கள், ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றால் சிவப்புப் பூச்சிகள்தான். சூரியன் முதுகுப் பக்கம் இருந்தால் நல்லது, இல்லையென்றால் அந்தச் சிவப்பே கறுப்பாகத்தான் தெரியும்.

வந்ததும் முதலில் எண்ணுங்கள். நீண்ட காலம் இது நான்கு ஹெலிகாப்டர் அணி, அண்மை ஆண்டுகளில் ஐந்தாகவும் வருகிறார்கள். அப்புறம் இடைவெளியைப் பாருங்கள். இதற்கு ஒரு அடிக்கோல் கையிலேயே இருக்கிறது: துருவின் தலைக்கு மேல் சுழலும் ரோட்டாரின் குறுக்களவு 13.2 மீட்டர். இரண்டு ஹெலிகாப்டருக்கு நடுவே எத்தனை ரோட்டார் அடங்கும் என்று மனதில் வைத்துப் பார்த்தால்தான் இவர்கள் எவ்வளவு நெருங்குகிறார்கள் என்பது உறைக்கும். ஜெட்டின் இறக்கை அசையாமல் நிற்கும், விமானி அதன் நுனியைக் குறியாக வைத்து ஒட்டிப் பறக்கலாம். இங்கே நுனியே கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றுகிறது, போதாததற்குப் பக்கத்து ஹெலிகாப்டர் கீழே தள்ளும் காற்று வேறு ஆட்டிப்பார்க்கும்.

இனி முக்கியமான இடம். ஹெலிகாப்டர்கள் டால்பின் மாதிரி எகிறி மூக்கைக் கவிழ்த்து இறங்குவதைக் கவனியுங்கள், 'டால்பின் துள்ளல்' என்றே அதற்குப் பெயர். உச்சியில் ஒரு கணம் எடையே இல்லாதது போல் மிதக்கும். அந்தக் கணம்தான் பல ஹெலிகாப்டர்களுக்கு எமன். இரண்டு இறக்கை ஊஞ்சல் பலகை போல் ஆடும் ரோட்டாரில், உடல் கீழே ஊசல்குண்டு மாதிரித் தொங்குகிறது, எடை குறைந்தால் விமானியின் கட்டுப்பாடே போய்விடும். துருவில் நான்கு கலப்புப்பொருள் இறக்கைகளையும் கீல் இல்லாமல் ரோட்டாரின் மையத்தோடு விறைப்பாகப் பொருத்தியிருக்கிறார்கள். அதனால் விமானி கையை அசைத்த உடனே உடலும் சேர்ந்து திரும்பும். எம்.பி.பி.யின் போ 105 ஹெலிகாப்டர் கரணம் அடிப்பதில் பேர் வாங்கியது, அதன் ரோட்டாரும் இதே குடும்பம். சாரங்கிடம் தலைகீழ்க் கரணம் எதிர்பார்க்க வேண்டாம். துள்ளலின் உச்சியிலும், எதிரெதிரே வந்து கடந்த உடனே விருட்டென்று திரும்புவதிலும் அந்த விறைப்பு ரோட்டார் வேலை செய்வதைப் பார்க்கலாம்.

எதிரெதிர்க் கடப்பில் நூலிழையில் தப்பியது போல் தெரிவது பெரும்பாலும் நாம் நிற்கும் கோணத்தால்தான், நடுவே இடைவெளி விட்டுத்தான் கடக்கிறார்கள். அதற்காக ஆபத்தே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2007 பிப்ரவரி 2 அன்று, ஏரோ இந்தியா தொடங்க ஒரு வாரம்கூட இல்லாத நேரத்தில், எலஹங்காவில் ஒத்திகையின்போது சாரங்கின் ஒரு ஹெலிகாப்டர் விழுந்து விமானி ஒருவர் உயிரிழந்தார்.

புகையில் வரையும் இதயத்துக்குக் காற்றுதான் எதிரி, வரைந்து முடிப்பதற்குள் ஒரு பக்கம் கரைந்துவிடும். கடற்கரையில் இன்னும் மோசம். மூடும் நொடிக்குக் காத்திருக்காமல் முக்கால்வாசி வந்ததுமே எடுக்கத் தொடங்குங்கள்.

படம் எடுப்பதில் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று, நானும் முதல் தடவை செய்தேன். ஜெட்டுக்கு வைத்த ஷட்டர் வேகத்தையே ஹெலிகாப்டருக்கும் வைத்தால், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கில் இறக்கைகள் அப்படியே உறைந்துபோய், கடையில் தொங்கும் பொம்மை மாதிரி வரும். துருவின் ரோட்டார் நொடிக்குச் சுமார் ஐந்து சுற்று சுற்றுகிறது. 1/125 நொடியில் இறக்கை 15 பாகை நகரும், 1/60-இல் சுமார் 30 பாகை, அப்போதுதான் சுழல்வது தெரியும். கேமராவைக் கையில் பிடித்து ஹெலிகாப்டரோடு சேர்த்துத் திருப்பியபடி எடுக்கப் பழகாதவர்கள் 1/250-இல் தொடங்கி மெல்ல இறங்குங்கள், இருபதில் ஒன்று தேறினால் அதுவே லாபம். செல்பேசியில் எடுத்தால், படமோ வீடியோவோ, இறக்கைகள் வாழைப்பழம் போல் வளைந்து வரலாம்.

பக்கத்தில் நிற்கிற யாராவது 'இதெல்லாம் வெறும் வேடிக்கைக்குத்தானே' என்பார். 2013-இல் உத்தராகண்ட் வெள்ளத்தின்போது சாரங் அணி சாகசத்தை ஓரம்கட்டிவிட்டு, ஹெலிகாப்டர்களோடு மீட்புப் பணிக்குப் போனது என்று சொல்லுங்கள்.

கடைசியாக, கோயம்புத்தூர்க்காரர்களுக்கு. அணியின் வீடு இப்போது சூலூர் விமானப்படைத் தளம், ஆகவே பயிற்சி நாட்களில் டிக்கெட் இல்லாமலே சிவப்பு ஹெலிகாப்டர்கள் தலைக்கு மேல் போகும் யோகம் உங்களுக்கு உண்டு. நின்று பாருங்கள், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தளத்தின் சுற்றுச்சுவர் ஓரமாகப் போய் உள்ளே கேமராவை நீட்டுவது, ட்ரோன் பறக்கவிடுவது மட்டும் வேண்டாம், நேரே காவல் நிலையத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.