அலையாத்திக் காட்டை ஊரே சேர்ந்து மீட்க: கன்று நடுவது கடைசி வேலை

கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்தி (மாங்குரோவ்) காட்டை மீட்க, கன்று நடும் விழாவுக்குத் தேதி குறித்துவிட்டுத்தான் பல ஊர்களில் வேலையையே தொடங்குகிறார்கள். தயவுசெய்து அப்படித் தொடங்காதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் அலையாத்தி நட்ட 23 இடங்களை ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை, பாதிக்கு மேல் பிழைத்திருந்தது மூன்றே இடங்களில். நிலத்தின் உயர மட்டம் பார்க்காமல் நட்டது, மாடு மேய்ந்தது, நட்டபின் யாரும் எட்டிப் பார்க்காதது என்று எல்லாமே தவிர்த்திருக்கக் கூடிய காரணங்கள். மனசு வலிக்கிறது.

முதலில் அந்தச் சேற்றில் யார் யார் இறங்குகிறார்கள் என்று பாருங்கள். கையால் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிற பெண்கள், வலை போடுகிறவர்கள், விறகு எடுப்பவர்கள், மாடு ஓட்டுபவர்கள், எல்லோரும் வர முடிகிற நேரத்தில் கூட்டம் வையுங்கள், அதாவது ஓதம் (கடல் நீர் ஏறி இறங்குவது) பார்த்துத் தொழிலுக்குப் போய்வந்த பிறகு. காடு எதுவரை இருந்தது, எப்போது பட்டுப்போனது, அதற்குச் சற்று முன் எந்த வாய்க்கால் அடைபட்டது, எங்கே கரை போட்டார்கள் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் அப்போதே தெரிந்துகொண்டு, வனத்துறை நிலம் என்றால் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

அடுத்து தண்ணீர், இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். அலையாத்தி எப்போதும் தண்ணீரில் நிற்கிற மரம் இல்லை, மொத்த நேரத்தில் ஏறக்குறைய 30 சதவீதமோ அதற்குக் குறைவாகவோதான் அதன் அடிமண் மூழ்கியிருக்கும், மீதி நேரம் வேர் மூச்சு விட வேண்டும். அதனால் பக்கத்தில் நன்றாக வளர்ந்திருக்கும் காட்டிலும் உங்கள் வெற்று நிலத்திலும் அளவுக்கோல் நட்டு, காற்றில்லாத நாளில் ஓதம் உச்சத்தில் இருக்கும்போது இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் ஆழத்தைக் குறியுங்கள். அந்த வித்தியாசம்தான் உங்கள் மட்டக் கணக்கு, அதாவது உங்கள் நிலம் அந்தக் காட்டைவிட எவ்வளவு மேடு அல்லது பள்ளம் என்பது. ஓதமே வராத இடமென்றால் இந்த அளவு செல்லாது, முதலில் வழியைத் திறக்க வேண்டும்.

பிச்சாவரத்தில் நடந்ததைப் பாருங்கள். முன்காலத்தில் மொத்தமாக மரம் வெட்டிய இடங்களில் மண் வெயிலில் காய்ந்து அமிழ்ந்து பள்ளமாகிவிட்டது, உள்ளே வந்த நீர் திரும்பிப் போகாமல் தேங்கி வற்றி உப்பு ஏறி, எதுவும் முளைக்கவில்லை. பிறகு எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள், ஓதம் வந்து போகத் தொடங்கியது, வாய்க்கால் சரிவில் வைத்த வெண்கண்டல் என்ற அலையாத்தி வகை பிடித்துக்கொண்டது. ஆனால் வாய்க்கால் மண்மூடும், தூர் வாருவதற்கு ஆளும் பணமும் முதல் நாளே ஒதுக்குங்கள்.

தாய்மரங்கள் பக்கத்தில் இருந்தால், ஓதம் சரியானதும் விதைகள் தாமாகவே மிதந்து வந்து வேர்விடும். ஓரிரு விதைப் பருவம் பொறுத்திருந்து, வராத திட்டுகளில் மட்டும் நடுங்கள். சுரபுன்னை என்ற இன்னொரு அலையாத்தி வகையின் விதைக்காய் நீளமாக, கையில் பிடித்துச் செருக வசதியாக இருப்பதால் எல்லா இடத்திலும் அதையே நடுகிறார்கள், பக்கத்துக் காட்டில் அதே மட்டத்தில் என்ன மரம் நிற்கிறதோ அதுதான் உங்களுக்கும். கடற்புல் படுகையிலும் பறவைகள் இரைதேடும் சேற்றுத் திட்டிலும் நடவே வேண்டாம்.

சரி, பிழைப்பு? விறகுக்கு வேறு வழி செய்யாமல் வெட்டத் தடை போட்டால், இருட்டில் வெட்டுவார்கள். முட்டை நண்டைத் திரும்ப விடுவது, குஞ்சு நண்டைத் தொடாதது, சில ஓடைகளைக் கொஞ்ச காலம் மூடிவைப்பது, இதையெல்லாம் பிடிக்கிறவர்களே பேசி விதியாக்கட்டும். சட்டை (பழைய ஓடு) கழற்றி இன்னும் சதை பிடிக்காத தண்ணி நண்டைக் கூண்டில் சில வாரம் தீனி போட்டுச் சதை ஏற்றினால் விலை கூடும். தேன்பெட்டி வைக்கலாம், துடுப்புப் படகில் ஆட்களை அழைத்துப் போகலாம். விசைப்படகு கிளப்பும் அலை கரையை அரிக்கும், அது வேண்டாம். கென்யாவின் காசி விரிகுடாவில் மிக்கோகோ பமோஜா என்ற ஊர்த் திட்டம் 117 ஹெக்டேர் காட்டைக் காத்து, காடு பிடித்து வைக்கும் கார்பனுக்குக் கிடைக்கும் பணத்தில் குடிநீருக்கும் பள்ளிக்கும் செலவிடுகிறது. நல்ல வழிதான், ஆனால் அளவீடு, சான்றிதழ் என்று காலம் பிடிக்கும், அதைச் சொல்லி இப்போதே யாருக்கும் ஆசை காட்டாதீர்கள்.

அப்புறம், மூன்று வருடத்துக்காவது கூலி எடுத்து வையுங்கள்: கன்றில் ஒட்டும் பாசியையும் கொட்டலசையும் (ஒட்டிக்கொண்டு வளரும் ஓட்டு உயிரி) எடுக்க, மாடு வராமல் பார்க்க, நட்டுவைத்த ஒரே அளவுகோலருகே நின்று மாதாமாதம் ஒரு படம் எடுத்துக் கன்றுகளை எண்ண.