கணினியில் திறந்து கிடக்கும் போர்ட்களை அடைப்பது எப்படி? (விண்டோஸ் 10, 11)

2017 மே 12 அன்று, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீய மென்பொருள் பரவத் தொடங்கியபோது, யாரும் எந்த லிங்க்கையும் அழுத்தத் தேவைப்படவில்லை. போர்ட் என்பது நெட்வொர்க் வழியாகக் கணினிக்குள் வர எண் போட்ட வாசல். கோப்புப் பகிர்வுக்கான 445-ஆம் போர்ட் வெளியிலிருந்து எட்டும்படி இருந்து, அப்டேட்டும் போடாமல் இருந்தால் போதும், உள்ளே புகுந்துவிட்டது. அதற்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. அதனால் விண்டோஸ் அப்டேட்டை முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

1. எது திறந்திருக்கிறது என்று பாருங்கள். ஸ்டார்ட் மெனுவில் 'ரிசோர்ஸ் மானிட்டர்' என்று தேடித் திறந்து, 'நெட்வொர்க்' டேபில் 'லிசனிங் போர்ட்ஸ்' பகுதியை விரியுங்கள். எந்த மென்பொருள் எந்த போர்ட்டில் காத்திருக்கிறது என்று வரிசையாக வரும். முகவரியில் 'லூப்பேக்' என்றிருந்தால் அது கணினிக்குள்ளேயே நடக்கும் பேச்சு, விட்டுவிடலாம். மற்றவற்றை, முக்கியமாக 'அன்ஸ்பெசிஃபைட்' என்றிருப்பதை, கவனிக்க வேண்டும். அதிலும் கடைசி நெடுவரிசையில் ஃபயர்வால் (எந்த இணைப்பை உள்ளே விடலாம் என்று பார்க்கும் காவல் மென்பொருள்) 'அலவுட்' என்று காட்டினால், வெளியிலிருந்து வர வழி இருக்கிறது என்று பொருள்.

நண்பர் ஒருவரின் கணினியில் இப்படிப் பார்த்தபோது 5900 கண்ணில் பட்டது. எப்போதோ பழுது பார்க்க வந்தவர் போட்டுவிட்டுப் போன ரிமோட் மென்பொருள்! நண்பருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

2. வேண்டாததை நிறுத்துங்கள். பூட்டு போடுவதைவிட மென்பொருளையே நீக்குவது நல்லது. ரிமோட் டெஸ்க்டாப் (3389) தேவையில்லையென்றால் செட்டிங்ஸில் 'சிஸ்டம்' பகுதிக்குப் போய் ஆஃப் செய்யுங்கள். 135 விண்டோஸின் சொந்த வேலைக்கானது, அதை நிறுத்தப் பார்க்காதீர்கள்.

3. ஃபயர்வால். வீட்டு வைஃபையானாலும், பிரிண்டரோ கோப்போ பகிரவில்லையென்றால் நெட்வொர்க் வகையை 'பப்ளிக்' என்று மாற்றுங்கள். பிறகு 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் ஃபயர்வால் அனுமதித்துள்ள ஆப்களின் பட்டியலைத் திறந்து, தேவையில்லாதவற்றின் டிக்கை எடுங்கள். இதற்குப் பிறகும் 445 பட்டியலில் தெரியும். பயப்பட வேண்டாம், பக்கத்தில் 'நாட் அலவுட்' என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

4. ரவுட்டர். அதன் செட்டிங்ஸ் பக்கத்தில், வெளியிலிருந்து வருவதை உங்கள் கணினிக்கு அனுப்பும் 'போர்ட் ஃபார்வர்டிங்' பட்டியலில் நீங்கள் போடாத விதி இருந்தால் அழியுங்கள். 'யூபிஎன்பி' ஆனில் இருந்தால் மென்பொருள்கள் உங்களைக் கேட்காமலே வழி திறந்துகொள்ளும், அதையும் ஆஃப் செய்யுங்கள். சில ஆன்லைன் கேம்கள் இதனால் முரண்டு பிடிக்கலாம். அப்போது அந்த ஒரு போர்ட்டை மட்டும் நீங்களே திறந்து கொடுங்கள்.

கணினியை ரீஸ்டார்ட் செய்து முதல் படியை மறுபடி பாருங்கள். நிறுத்தியது திரும்ப வந்திருந்தால், அது பெரும்பாலும் பின்னணியில் தானாகத் தொடங்கி ஓடும் சர்வீஸ். 'சர்வீசஸ்' என்று தேடித் திறந்து, அதன் ஸ்டார்ட்அப் வகையை 'டிசேபிள்ட்' ஆக்குங்கள்.