ஹாரெம் காமெடி மாங்காவில் நாம் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

ஒரு பையன், அவனைச் சுற்றி நாலைந்து பெண்கள், எல்லோருக்கும் அவன் மேல் ஒரு கண், அவனுக்கு மட்டும் எதுவும் உறைப்பதில்லை. ஹாரெம் ரொமான்டிக் காமெடி மாங்கா (ஜப்பானியப் படக்கதை) என்றால் இவ்வளவுதானே என்று நகர்ந்துவிடுகிறவர்களை விடுங்கள். ஆசையாக ஆரம்பித்து, பத்தாவது வால்யூம் வாக்கில் கடுப்பாகி மூடி வைக்கிறார்களே, அவர்களுக்காகத்தான் இது. பெரும்பாலும் அவர்கள் அந்தக் கதையில் இல்லாத எதையோ தேடிக்கொண்டு படித்திருப்பார்கள்.

முதலில், கடைசியில் எவளைக் கட்டிக்கொள்கிறான் என்பதிலேயே குறியாக இருப்பது. வாசகர் மேல் மட்டும் பழி போட முடியாது, எழுதுகிறவர்களே அந்தத் தூண்டிலைப் போடுகிறார்கள். நெகி ஹருபாவின் 'தி குவின்டெசென்ஷியல் குவின்டப்லெட்ஸ்' (2017 முதல் 2020 வரை, 14 வால்யூம்) கல்யாண நாளில் இருக்கும் மாப்பிள்ளையின் நினைவாகத்தான் ஆரம்பிக்கிறது. பெண் யார் என்பது தெரியாது, ஒரே பிரசவத்தில் பிறந்த ஐந்து சகோதரிகளில் ஒருத்தி என்பது மட்டும் தெரியும். அதனால் சிலர் நேராக விக்கிக்குப் போய் முடிவைப் பார்த்துவிட்டு வந்து படிக்கிறார்கள். வேறு சிலர் மூன்றாவது அத்தியாயத்திலேயே ஒருத்தியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மற்றவர்கள் வரும் பக்கமெல்லாம் பல்லைக் கடிக்கிறார்கள். ஐந்து பேர் கதையில் இப்படிச் செய்தால் ஐந்தில் நாலு பங்கை வெறுத்துக்கொண்டே படிக்க வேண்டியதுதான்.

அந்தக் கதையின் ருசி எங்கே இருக்கிறது என்று பார்க்க முதல் அத்தியாயத்தில் வரும் பள்ளிக் கேன்டீன் போதும். கதாநாயகன் ஃபூட்டாரோ ஏழைப் பையன், படிப்பில் புலி. வறுத்த இறைச்சிச் சாப்பாடு ஒன்று, இறைச்சி வேண்டாம் என்று ஆர்டர் கொடுக்கிறான். கணக்குப் போட்டுத்தான் கேட்கிறான்: வெறும் சோற்றின் விலைக்கே மிசோ சூப்பும் ஊறுகாயும் கூட வந்துவிடும். அதே மேஜையில் தட்டு நிறைய அடுக்கிக்கொண்டு வந்து உட்காரும் இட்சுகி பாடம் சொல்லித்தரச் சொன்னால் மாட்டேன் என்கிறான், போதாததற்கு இப்படிச் சாப்பிட்டால் குண்டாகிவிடுவாய் என்று வேறு சொல்லிவைக்கிறான். அப்புறம்தான் தெரிகிறது, தனக்கு வந்திருக்கும் டியூஷன் வேலையே இவளுக்கும் இவள் சகோதரிகளுக்கும்தான் என்று. அவன் வைக்கும் முதல் பரீட்சையில் ஐந்து பேரும் சேர்ந்து எடுப்பது 100 மதிப்பெண். சேர்ந்து! ஒரே முகம் கொண்ட ஐந்து பேர் ஐந்து விதமாகப் பாடத்தை விட்டு ஓடுவதும், கொஞ்சம் கொஞ்சமாக ஆளுக்கொரு வழியில் அதற்குள் வருவதும்தான் கதை. கல்யாணம் அதற்குப் போட்ட பந்தல்.

இந்த வகையை எழுதுகிறவர்களுக்கே, கடைசியில் யார் என்ற அந்தக் கேள்வி தலைவலிதான் போலிருக்கிறது. தாய்ஷி ட்சுட்சுயியின் 'வீ நெவர் லேர்ன்' 2020-இல் ஐந்து பெண்களுக்கும் ஐந்து தனித்தனி முடிவு கொடுத்தது. கோழைத்தனம் என்று திட்டியவர்கள் உண்டு, எனக்கு அது நேர்மையாகவே பட்டது. '100 கேர்ள்ஃபிரெண்ட்ஸ்' இன்னும் ஒரு படி மேலே: சாமி செய்த ஒரு தவறால் கதாநாயகன் ரென்டாரோவுக்கு விதிக்கப்பட்ட காதலிகள் 100 பேர், காதல் கைகூடாவிட்டால் அந்தப் பெண் செத்துவிடுவாள். அதனால் எல்லோருக்கும் தெரியவே எல்லோரையும் காதலிக்கிறான். யார் என்ற கேள்வியே போயிற்று, இனி சிரிக்க மட்டும்தான் வேலை.

அடுத்தது ஒரே மூச்சில் படிப்பது. இதுதான் ஆளை அதிகம் கவிழ்க்கும். இவற்றில் பெரும்பாலானவை வாரப் பத்திரிகையில், வாரத்துக்கு இருபது பக்கம் போல வந்தவை. நாவோஷி கோமியின் 'நிசெகோய்' 2011 முதல் 2016 வரை 229 அத்தியாயம் ஓடியது. இரண்டு ரவுடிக் கும்பல் தலைவர்களின் பிள்ளைகள், சண்டை மூளாமல் இருக்கக் காதலர்களாக நடிக்கிறார்கள். பையன் கழுத்தில் பூட்டிய ஒரு லாக்கெட், சாவியோ ஒன்றுக்கு மேற்பட்ட பெண்களிடம். இதை ஒரு வாரத்தில் முடித்தால், சொல்ல வந்த காதலை யாரோ வந்து கெடுப்பது ஒரே ராத்திரியில் மூன்று முறை நடக்கும், எரிச்சல் வராமல் என்ன செய்யும்? ஏழு நாள் இடைவெளியில் படித்தவனுக்கு அது அந்த வாரத்துச் சிரிப்பு. இன்னொன்றும் உண்டு. 'நிசெகோய்' வந்த ஜம்ப் போன்ற வாரப் பத்திரிகைகள் வாசகர் கருத்தை அட்டையில் எழுதி வாங்கி, அதைப் பார்த்துத் தொடரின் தலையெழுத்தை முடிவு செய்பவை. அதனால் கதை நடுவில் சுற்றி வளைத்தால் அதை எழுதுகிறவரின் சோம்பேறித்தனம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நாளுக்கு இரண்டு மூன்று அத்தியாயம், அதற்கு மேல் வேண்டாம்.

அப்புறம் கதாநாயகன் மரமண்டை என்ற புகார். சரி, மரமண்டைதான். ஆனால் முதல் நாளே அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டால் இரண்டாம் நாள் கதை இல்லை. கேட்க வேண்டியது, அவன் மண்டை மரத்துப்போக ஒரு காரணம் இருக்கிறதா என்பது. ஃபூட்டாரோவுக்கு வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கிறது, படிப்பைத் தவிர வேறெதையும் நிமிர்ந்து பார்க்காதவன். காரணமே இல்லாமல் முழிக்கிறவன் வந்தால் தாராளமாக மூடி வையுங்கள்.

இது பசங்களுக்கு மட்டும் என்று நினைப்பது சின்னத் தவறு, சீக்கிரம் சொல்லிவிடலாம். 1978-இல் 'உருசேய் யட்சுரா' மூலம் இந்த வகைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான ருமிக்கோ தகஹாஷி ஒரு பெண். பெண்களுக்கான லலா பத்திரிகையில் 2002 முதல் 2010 வரை வந்த பிஸ்கோ ஹடோரியின் 'ஓரான் ஹைஸ்கூல் ஹோஸ்ட் கிளப்' கதையையே தலைகீழாகத் திருப்பியது: பணக்காரப் பள்ளியில் உதவித்தொகையில் படிக்கும் ஹருஹி, 80 லட்சம் யென் மதிப்புள்ள ஜாடியை உடைத்துவிட்டு, கடனை அடைக்கப் பையன் வேஷத்தில், பெண்களிடம் இனிக்கப் பேசி மகிழ்விக்கும் ஹோஸ்ட் கிளப் பையன்கள் நடுவே மாட்டிக்கொள்கிறாள். அவளுக்கு அவர்கள் அழகில் துளி ஆர்வம் இல்லை, அதுதான் வேடிக்கை.

பழையதிலிருந்து வரிசையாகப் படிப்பேன் என்று கென் அகமாட்சுவின் 'லவ் ஹினா'வில் (1998–2001) தொடங்குவதும் வேண்டாம். அந்தக் காலத்தில் அது பெரிய வெற்றி. ஆனால் கதவைத் தப்பாகத் திறந்துவிட்டு அடிவாங்கிப் பறப்பது என்ற ஒரே ஜோக் அதில் திரும்பத் திரும்ப வரும், இன்றைக்கு அலுக்கிறது. காமெடிதானே என்று எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டியதில்லை, எட்டிப்பார்ப்பதும் தொடுவதுமே ஜோக்காக இருக்கும் தொடர்கள் வேறு ரகம். முதல் வால்யூமிலேயே தெரிந்துவிடும், அங்கேயே விட்டுவிடலாம். 'ஓரான்', 'குவின்டப்லெட்ஸ்' இரண்டில் ஒன்றில் ஆரம்பியுங்கள். போனில் படித்தால் திரையைப் படுக்கவைத்து இரண்டு பக்கம் சேர்ந்து தெரியும்படி வையுங்கள், வலமிருந்து இடமாக. இரண்டு பக்கமும் சேர்த்து வரைந்த பெரிய படங்கள் இந்தக் கதைகளில் முக்கியமான இடத்தில்தான் வரும், ஒற்றைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனால் பாதி முகம்தான் கிடைக்கும்.