ஹூஸ்டனுக்குப் புதிதா? முதல் ஆர்.வி. கேம்பிங்கை ஹன்ட்ஸ்வில் ஏரிக்கரையில் தொடங்குங்கள்

வந்த முதல் வருடமே ஆர்.வி. (படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள வண்டி) எடுத்துக்கொண்டு எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா வரை போகலாம் என்று பலர் ஆசைப்படுகிறார்கள். வேண்டாம். முதல் பயணத்துக்கு வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் பூங்காவும், தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் மூன்றுக்கும் இணைப்புள்ள இடமும், இரண்டு இரவுகளும் போதும். ஹூஸ்டன்காரர்களுக்கு இதற்குப் பொருத்தமானது ஹன்ட்ஸ்வில் ஸ்டேட் பார்க். நகர மையத்திலிருந்து ஐ-45 நெடுஞ்சாலையில் வடக்கே ஏறத்தாழ 70 மைல், எக்ஸிட் 109. சுற்றிலும் பைன் மரக் காடு, நடுவில் சுமார் 210 ஏக்கர் பரப்புள்ள லேக் ரேவன். 1930களின் இறுதியில் கறுப்பின முன்னாள் ராணுவத்தினர் அடங்கிய சி.சி.சி. (அன்றைய அரசு வேலைவாய்ப்புத் திட்டம்) குழு உருவாக்கிய பூங்கா இது. அவர்கள் கட்டிய லாட்ஜ் இன்றும் இருக்கிறது, போகும்போது அவசியம் பாருங்கள்.

முன்பதிவு

டெக்சஸ் ஸ்டேட் பார்க்குகளில் இரவு தங்க 5 மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யலாம். அக்டோபர், நவம்பர், மார்ச், ஏப்ரல் வார இறுதிகள் சீக்கிரம் நிரம்பிவிடும். ஸ்பிரிங் பிரேக் (மார்ச் மாதப் பள்ளி விடுமுறை) என்றால் கேட்கவே வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் இடம் கிடைத்தாலும் வெயிலும் புழுக்கமும் வாட்டும். முதல்முறை போகிறவர்கள் தவிர்ப்பதே நல்லது.

பதிவு செய்யும்போது ‘ஃபுல் ஹூக்கப்’ (தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் மூன்று இணைப்பும்) என்று இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரும் மின்சாரமும் மட்டும் உள்ள இடம் என்றால், கிளம்பும்போது கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் பொது இடமான டம்ப் ஸ்டேஷன் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். இடத்தின் நீளம் வண்டியின் நீளத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். ஓர் இடத்தில் 8 பேருக்கு மேல் அனுமதி இல்லை. இரண்டு குடும்பம் என்றால் அடுத்தடுத்து இரண்டு இடங்கள் எடுங்கள். தங்கும் கட்டணம் தவிர, பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் தினசரி நுழைவுக் கட்டணமும் உண்டு. 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அது கிடையாது.

வண்டி

ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் ‘கிளாஸ் சி’ வகையில் 25 அடி நீளம் ஒரு குடும்பத்துக்குச் சரியாக இருக்கும். சாதாரண கார் லைசென்ஸ் போதும். வாடகைக்குத் தரும் பல நிறுவனங்கள் ஓட்டுநருக்குக் குறைந்தபட்ச வயது வைத்திருக்கின்றன. வாடகையோடு மைல் வரம்பு, ஜெனரேட்டர் மணிக்கணக்கு, கழிவுத் தொட்டியைக் காலி செய்யாவிட்டால் வாங்கும் கட்டணம் ஆகியவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கார் இன்ஷூரன்ஸ் வாடகை ஆர்.வி.க்குச் செல்லுமா என்று ஏஜெண்டிடம் எழுத்தில் வாங்குங்கள். பல பாலிசிகளில் செல்லாது.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப் போவதாக இருந்தால், மேல் படுக்கையை அவர்களுக்கு ஒதுக்காதீர்கள். ஏணி செங்குத்தாக இருக்கும், நிமிர்ந்து உட்கார முடியாது. பின்பக்கப் படுக்கையை அவர்களுக்குக் கொடுங்கள். ஓடும் வண்டியில் யாரும் எழுந்து நடக்கவோ படுக்கவோ கூடாது. டெக்சஸில் 8 வயதுக்குக் குறைந்த, 4 அடி 9 அங்குலம் வளராத பிள்ளைகளுக்கு கார் சீட் கட்டாயம். அதை முன்னோக்கிய இருக்கையில்தான் பொருத்த வேண்டும், பக்கவாட்டு சோஃபாவில் கூடாது.

ஓட்டும்போது புதியவர்கள் இடிப்பது பெரும்பாலும் பெட்ரோல் பங்கில்தான். பின் சக்கரத்துக்குப் பின்னால் வண்டி பல அடி நீண்டிருக்கும். இடதுபக்கம் ஒடித்தால் அந்த வால்பகுதி வலதுபக்கம் வீசும், அங்கே பம்பைக் காக்கும் இரும்புத் தூண் நிற்கும். பங்கைவிட்டு வெளியேறும்போது வண்டி முழுவதும் தூணைத் தாண்டும்வரை நேராகப் போய்விட்டு, அப்புறம் திருப்புங்கள். உயரம் 11 முதல் 12 அடி இருக்கும். சரியான அளவை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் அருகே ஒட்டுங்கள். டிரைவ்-த்ரூ பக்கமே போகாதீர்கள். பெட்ரோல் போடும்முன் கேஸ் சிலிண்டர் வால்வை மூடுங்கள்.

இணைப்பு கொடுக்கும் வரிசை

முதலில் வண்டியைச் சமமாக நிறுத்துங்கள், தேவையான சக்கரத்தின் கீழ் லெவலிங் பிளாக் (உயர்த்தும் கட்டை) வையுங்கள். கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் சாய்ந்திருந்தால் சரியாகக் குளிராது. பிறகு மின்கம்பப் பெட்டியில் பிரேக்கரை அணைத்துவிட்டு, மின்னழுத்த ஏற்றத்திலிருந்து காக்கும் சர்ஜ் புரொடெக்டரைச் செருகி, அதில் வண்டியின் வயரைச் செருகி, கடைசியாக பிரேக்கரைப் போடுங்கள். குழாயில் நேரடியாக ஹோஸைத் திருகாமல் நடுவில் பிரஷர் ரெகுலேட்டர் மாட்டுங்கள். பூங்காவின் அழுத்தம் அதிகமாக இருந்தால் வண்டிக்குள் பிளாஸ்டிக் இணைப்புகள் பிய்ந்துகொள்ளும். குடிநீருக்கென்றே விற்கும் ஹோஸையே பயன்படுத்துங்கள். வாட்டர் ஹீட்டர் தொட்டி நிரம்பி, சுடுநீர்க் குழாயில் தண்ணீர் தடையில்லாமல் வந்தபிறகே ஹீட்டர் சுவிட்சைப் போட வேண்டும். காலித் தொட்டியில் போட்டால் ஹீட்டரின் சூடேற்றும் கம்பி எரிந்துவிடும்.

30 ஆம்ப் இணைப்பில் உங்களுக்குக் கிடைப்பது மொத்தம் 3,600 வாட். ஏ.சி. மட்டும் ஏறத்தாழ 1,500 எடுக்கும். அதோடு 1,500 வாட் கெட்டிலும் 1,000 வாட் குக்கரும் சேர்ந்தால் பிரேக்கர் விழும். காபித் தண்ணீரையும் சோற்றையும் கேஸ் அடுப்பில் வைத்துவிடுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸி இங்கே வேலைக்காகாது. சட்னியை வீட்டிலேயே அரைத்து, உறையவைத்து எடுத்துப் போங்கள். இட்லி மாவு கொண்டு போகிறவர்கள் டப்பாவைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, வெயிலில் மாவு பொங்கி ஃபிரிட்ஜ் முழுக்க வழியும். தாளிப்பை வெளியே மேசையில் சின்ன அடுப்பில் செய்யுங்கள். உள்ளே மிளகாய் கருகினால் புகை அலாரம் கத்தும், நெடி மெத்தையில் தங்கும்.

கழிவுநீர்

இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். கழிவறைக்கு பிளாக் டேங்க், குளியலுக்கும் சிங்க்குக்கும் கிரே டேங்க். இரண்டும் இந்த அளவு வண்டிகளில் பெரும்பாலும் 25 முதல் 40 கேலன்தான் கொள்ளும். ஃபுல் ஹூக்கப் என்பதால் பிளாக் வால்வைத் திறந்தே வைக்கலாம் என்று தோன்றும். திறந்து வைத்தால் தண்ணீர் வடிந்துபோய் மலம் மட்டும் அடியில் குவிந்து இறுகிவிடும், சுத்தம் செய்யக் கூலி கொடுக்க வேண்டிவரும். இரண்டு வால்வையும் மூடியே வைத்திருங்கள்.

நம்மவர்கள் தண்ணீர் விட்டுக் கழுவுவதால் கெடுதல் ஒன்றும் இல்லை, கழிவு கரைந்து எளிதாக வெளியேறும். டேங்க் மட்டும் சீக்கிரம் நிரம்பும், காலையும் மாலையும் அளவுகாட்டியைப் பாருங்கள். வெட் வைப்ஸ் எந்தக் காரணத்துக்கும் உள்ளே போகக் கூடாது, வாளி வைத்து குப்பையில் போடுங்கள். சிங்க்கில் சோறு, புளிச் சக்கை, எண்ணெய் விழுந்தால் கிரே டேங்க் இரண்டாம் நாளே நாறும். தட்டைப் பேப்பரால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள்.

பூங்காவுக்குள்

லேக் ரேவனில் முதலைகள் உண்டு. குறைந்தது 30 அடி தள்ளி நில்லுங்கள். இரை போடாதீர்கள், மீன் கழிவைத் தண்ணீரில் வீசாதீர்கள். சின்னப் பிள்ளைகளைத் தனியாகக் கரையில் விடாதீர்கள். பூங்காவுக்குள் மீன் பிடிக்க லைசென்ஸ் தேவையில்லை, ஆனால் அளவு, எண்ணிக்கை விதிகள் பொருந்தும். இரவில் சாப்பாட்டை வெளியே வைத்தால் ரக்கூன் கிளறிவிடும். புல்வெளியில் செருப்பில்லாமல் நடந்தால் நெருப்பெறும்பு கடிக்கும். காட்டுப் பாதையிலிருந்து வந்ததும் காது, அக்குள், இடுப்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று தேடுங்கள்.

கீழே கிடக்கும் சுள்ளி பொறுக்கி எரிக்க அனுமதி இல்லை, விறகு வாங்கிக்கொள்ள வேண்டும். பர்ன் பேன் (வெளியிடத்தில் தீ மூட்டத் தடை) அமலில் இருந்தால் விறகுத் தீ மூட்டவே முடியாது, புறப்படும்முன் பூங்காவை விசாரியுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். பொது இடத்தில் மது அருந்தக் கூடாது.

கிளம்பும் நாள்

நண்பகலுக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும், 10 மணிக்கே தொடங்குங்கள். பிளாக் டேங்க் பாதிகூட நிரம்பவில்லை என்றால் கழிவறை வழியாகத் தண்ணீர் ஊற்றி முக்கால் அளவுக்குக் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் அடியில் இருப்பது வராது. கையுறை போட்டு கழிவுநீர் ஹோஸைத் தரையிலுள்ள கழிவுநீர்க் குழாயில் மாட்டி, முதலில் பிளாக் வால்வைத் திறங்கள். ஓட்டம் நின்றதும் அதை மூடிவிட்டு கிரே வால்வைத் திறங்கள். சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிக்கொண்டு போகும். மின்சாரத்தை பிரேக்கரில் அணைத்த பிறகே வயரைக் கழற்றுங்கள். வண்டியின் பக்கவாட்டில் விரித்த ஆனிங்கை (நிழல் துணி) சுருட்டினோமா, கூரை வென்ட் மூடியிருக்கிறதா, படிக்கட்டு உள்ளே போய்விட்டதா என்று ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துச் சொன்ன பிறகு வண்டியை எடுங்கள்.