'ரன் அவுட் ஆஃப்': "தீந்துட்டு" என்பதை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி?

நெல்லை டவுனில் அல்வா கிண்டுகிறவர் குரல் கொடுக்கிறார்: "அண்ணாச்சி, சீனி தீந்துட்டு!" இதை ஆங்கிலமாக்கும்போதுதான் பலரும் தடுமாறுகிறார்கள். தமிழில் எழுவாய் சீனி. 'ரன் அவுட் ஆஃப்' வந்தால், அதை வைத்திருந்தவர்தான் எழுவாய்: 'வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் சுகர்'. சீனியிலேயே தொடங்க வேண்டுமா? 'ஆஃப்'பை விட்டுவிடுங்கள்: 'தி சுகர் ஹேஸ் ரன் அவுட்'. 'ஆஃப்' போட்டால் அதன்பின் தீர்ந்த பொருளின் பெயர் கட்டாயம் வர வேண்டும்.

வைத்திருப்பது ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தாமிரபரணிப் பாலத்தில் பெட்ரோல் இல்லாமல் பைக் நின்றால், 'தி பைக் ஹேஸ் ரன் அவுட் ஆஃப் பெட்ரோல்'.

நேற்று நடந்ததற்கு 'ரேன் அவுட்'. 'ஹேவ், ஹேஸ், ஹேட்' வந்தால் மறுபடி 'ரன்'தான். அங்கே 'ரேன்' போடுவது அடிக்கடி வரும் பிழை. நெய் பாத்திரத்தின் அடியில் கொஞ்சம்தான் மிச்சமிருந்தால், 'வீ ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் கீ'. நேரத்துக்கும் பொறுமைக்கும் இதே அமைப்புதான்.

'சுகர் வாஸ் ரன் அவுட்' என்பது தவறு. 'வாஸ் ரன் அவுட்' கிரிக்கெட்டில் ஆட்டமிழந்தவருக்கு உரியது. 'ஆஃப்' இருக்கும் இடத்தில் 'ஆன்' போட்டுவிடாதீர்கள்: 'ரன் அவுட் ஆன்' என்றால் ஒருவரைக் கைவிட்டுப் போய்விடுவது.